கை காட்டிய பக்கம்

வாட்சை எந்தக் கையில் கட்டிக்கொண்டோம் என்ற சந்தேகம் வேன் தர்மபுரியைத் தாண்டிய பிறகுதான் வேடியப்பனுக்கு வந்தது. கையில் இருக்கத்தான் இருந்தது. அது எந்தக் கை என்பதுதான் தெரியவில்லை. தினமும் காலையில் இந்திராணி கட்டிவிடுவாள். கட்டி முடித்ததும் வாட்சின் மேல் லேசாக ஒரு தட்டுத் தட்டி, இது இடது, ராத்திரி கழற்றுகிற வரைக்கும் இதுதான் இடது என்று சொல்லிவிட்டுத் தபால் ஆபீசுக்குக் கிளம்புவாள். கல்யாணமான புதிதில் விளையாட்டாக ஆரம்பித்தது, பிறகு பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது. இன்றைக்கு மேலதிகாரி வருகிறார் என்று விடிந்ததும் போய்விட்டாள். வேன் வாசலில் நின்று ஹாரன் அடித்த அவசரத்தில் அவனே எடுத்து மாட்டிக்கொண்டான். இப்போது அது வெறும் வாட்சு, மணி காட்டும், பக்கம் காட்டாது. ஊரில் எல்லோருக்கும் சோத்துக்கை என்று ஒன்று இருக்கிறது, கேட்டவுடன் தூக்கிக் காட்டிவிடுகிறார்கள். சின்ன வயதில் அவனுக்கு எந்தக் கை தட்டை நோக்கி முந்துகிறதோ அதுதான் சோத்துக்கை. அம்மா கரண்டிக் காம்பால் மணிக்கட்டில் அடித்து அடித்து ஒரு கையைப் பழக்கப் பார்த்தாள். அடி வாங்கியது எது, பழகியது எது என்பது சாப்பிட்டு எழுந்திருப்பதற்குள் மறந்துவிடும். தூரிகை இரண்டிலும் போகும். வானத்தை ஒரு கை போடும், தரையை இன்னொன்று போடும். பார்க்கிறவர்கள் இதை ஒரு திறமை என்று நினைத்துக்கொள்கிறார்கள். திறமை ஒன்றுமில்லை. எது எது என்று தெரியாததால் இரண்டுக்கும் வேலை கொடுத்திருக்கிறான், அவ்வளவுதான்.

வேனை ஓட்டிக்கொண்டிருந்தவன் முனிராசு, பெங்களூரில் கட்டடங்களுக்குக் கம்பி கட்டுகிறவன். பின்சீட்டில் அவனுடைய அக்கா மாதம்மாள், மடியில் பூப்பொட்டலத்தோடு. ஓசூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்கிறாள். இரண்டு பேரையும் வேடியப்பன் இன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறான். போன வாரம் மாதம்மாள் போன் செய்தாள். மாமியாருக்குப் புரை எடுக்கக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாளாம். வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது எதிர்ச்சுவரில் வேடியப்பன் வரைந்த ஒரு படம், அதில் கூனிக்கரடு. அவள் பிறந்த ஊர்க் கரடு, சின்னப் பாறைக்குன்று. இப்போது கரடு இல்லை, கல்லுக்காக உடைத்து உடைத்துப் பள்ளமாகிவிட்டது. சுவரில் மட்டும் அது முழுசாக, கூன் முதுகோடு, மழைக்கு முந்தின மேகத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. அடிவாரத்தில் ஒரு பக்கமாக, சுற்றி இருந்த மண்ணைவிடக் கொஞ்சம் கறுத்த சிவப்பில் ஒரு மேடு. "அது எங்கம்மாண்ணா" என்று மாதம்மாள் போனில் சொன்னாள். அவனுக்குப் புரியவில்லை, படத்தில் ஆள் யாரும் இல்லையே என்றான். அந்த மேடுதான் என்றாள். அவளுக்கு ஆறு வயதும் தம்பி கைக்குழந்தையுமாக இருந்தபோது அம்மா செத்துப்போனாள், சொந்த நிலத்திலேயே கரட்டை ஒட்டிப் புதைத்தார்கள். அப்பா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு பெங்களூர் போனவர், அந்தப் பக்கம் திரும்பாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். குத்தகைக்காரன் மேட்டை உழுது சமமாக்கிவிட்டான். வயசானவர்களைக் கேட்டால் பாதிப் பேர் கரட்டுக்கு இந்தப் பக்கம் என்கிறார்கள், பாதிப் பேர் அந்தப் பக்கம் என்கிறார்கள். நிலம் பள்ளத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. ஒரு பக்கத்தைக் கோழிப்பண்ணை போட ஒருவர் வாங்குகிறார், தரையை நிரவ அடுத்த வாரம் ஜேசிபி வருகிறது. அம்மா இருக்கிற பக்கத்தை மட்டும் கொடுப்பதில்லை என்று அக்காவும் தம்பியும் பேசி வைத்திருக்கிறார்கள். வரைந்தவர் வந்து எந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரே ஒரு வார்த்தைண்ணா, என்றாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டான். போனை வைத்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று உறைத்து, கொஞ்ச நேரம் கையில் போனோடு அடுப்படியில் நின்றான்.

ஒரு வார்த்தை. இடது, வலது. இந்த இரண்டையும் யார் உண்டாக்கினார்களோ, அவர்களுக்கு இரக்கமே இல்லை. மூன்று எழுத்து அது, மூன்று எழுத்து இது, கடைசி எழுத்து இரண்டுக்கும் ஒன்றேதான், ஒரே சட்டை போட்ட அண்ணன் தம்பி மாதிரி வந்து நிற்கின்றன. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியார் இடது பக்கம் திரும்பு என்று விசில் ஊதினால் வரிசை முழுவதும் ஒரு பக்கம் திரும்பும், வேடியப்பன் மட்டும் பக்கத்துப் பையனின் முகத்துக்கு முகம் நேராக நிற்பான். மூக்கும் மூக்கும் இடித்துக்கொள்ளாத குறை. அந்தப் பையன் சிரிப்பான். யார் தப்பாகத் திரும்பியது? முகத்துக்கு முகம் நிற்கும்போது அவனுடைய இடது இவனுடைய வலது என்று வாத்தியார் பிறகு விளக்கினார், விளக்க விளக்க இருந்ததும் போயிற்று. அப்படியென்றால் அது இடத்தைப் பொறுத்தது இல்லை, ஆளைப் பொறுத்தது. ஒரு மரத்துக்கு இடது எது? மரத்துக்கு முகம் எந்தப் பக்கம்? கரட்டுக்கு? கரடு சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்ததா, சாலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்ததா? கூன் முதுகு தெரிந்தது என்றால் முதுகைத்தானே காட்டியிருக்க வேண்டும். வேடியப்பனுக்கு நெற்றி வியர்த்தது. முனிராசு கண்ணாடியை இறக்கிவிடச் சொன்னான். வேடியப்பன் கைப்பிடியைத் தவறான பக்கம் சுற்றினான், ஏறியிருந்த கண்ணாடி இன்னும் ஏறப் பார்த்து முனகியது. பிறகு மறுபக்கம் சுற்றினான், காற்று வந்தது.

எழுத்தும் இப்படித்தான், நின்ற இடத்தில் நிற்காது. அதிலும் இந்தக் கொம்பு. மேகம் என்று எழுதினால் முதலில் ஒரு கொம்பு வந்து நிற்கும், அதற்குப் பின்னால் ம. ஆனால் வாயில் ம முதலில் வரும், கொம்பின் சத்தம் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். மூன்றாம் வகுப்பில் எழுந்து நின்று புத்தகத்தைப் பார்த்தால் கொம்புகள் எல்லாம் எருமைக் கூட்டம் மாதிரி தலையை ஆட்டும், எது எந்த எழுத்துடையது என்று பிரித்துக் கட்டுவதற்குள் டீச்சர் பக்கத்தில் வந்துவிடுவார். முன்னால் நிற்கிறதை ஏன் டீச்சர் பின்னால் படிக்க வேண்டும் என்று ஒருநாள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். திமிரா என்று கன்னத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு எதையும் கேட்கவில்லை. ஜன்னலோரம் இடம் பிடித்து வெளியே பார்க்க ஆரம்பித்தான். வெளியே தூரத்தில் மலைகள் இருந்தன. மலையை எந்த முனையிலிருந்து படிக்க ஆரம்பிக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. நடுவிலிருந்து ஆரம்பிக்கலாம், மேலிருந்து வழியலாம், ஒரு பாறையிலேயே மத்தியானம் வரை நிற்கலாம். புத்தகத்திலும் அவன் கண்ணுக்கு முதலில் தட்டுப்பட்டது எழுத்தில்லை, எழுத்துக்குள் மாட்டிக்கொண்ட வெள்ளை. ப என்றால் அது மூன்று கோடு இல்லை, மேல்பக்கம் திறந்த ஒரு தொட்டி, அதற்குள் வெள்ளைத் தண்ணீர். மரத்தைப் பார்த்தாலும் கிளைக்கு முன்னால் கிளைக்கு நடுவில் மாட்டிக்கொண்ட வானம்தான் கண்ணில் படும். இன்றைக்கும் அப்படித்தான் வரைகிறான். முதலில் இடைவெளிகளைப் போடுகிறான், அதற்குப் பிறகு மீந்து நிற்பது மரமாகிறது, பாறையாகிறது.

இதற்கெல்லாம் ஒரு பெயர் இருக்கிறது என்று சொன்னது அந்தக் கண் ஆஸ்பத்திரி டாக்டர்தான். இந்திராணிதான் கூட்டிப்போனாள், இவருக்கு எழுத்து மட்டும் ஏனோ தெரியவில்லை, மற்றபடி மலைமேல் ஆடு நின்றால்கூட எண்ணிச் சொல்வார் என்று. டாக்டர் ஒளி அடித்துப் பார்த்துவிட்டுக் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். அப்புறம் நிறையக் கேள்வி கேட்டார், பள்ளிக்கூடத்தைப் பற்றி, வழி தவறுவதைப் பற்றி, செருப்பு மாற்றிப் போடுவதைப் பற்றி. கடைசியில் டிஸ்லெக்சியா என்று ஒரு வார்த்தை சொன்னார். அதைத் திருப்பிச் சொல்ல வேடியப்பனுக்கு நாக்குப் புரளவில்லை. எழுத்தைப் படிக்க முடியாத ஒரு குறைக்கு இப்படி ஒரு வார்த்தையைப் போய் வைத்திருக்கிறார்களே என்று அவனுக்குத் தோன்றியது, சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது இந்திராணி அழுதாள். இத்தனை வருஷம் சோம்பேறித்தனம் என்று மனசுக்குள் திட்டியிருக்கிறேன் என்றாள். அவன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தான். ஒன்றும் தோன்றவில்லை. பெயர் வந்தாலும் வராவிட்டாலும் கொம்பு கொம்பாகத்தான் ஆடும். அடுத்த முறை டாக்டர் வீட்டுக்கே வந்து படங்களைப் பார்த்தார், கூனிக்கரட்டை எடுத்துக்கொண்டு போனார். உங்கள் படத்தில் கண்ணுக்கு நுழைவாசலே இல்லை, எந்தப் பக்கமிருந்தும் உள்ளே போகலாம் என்றார். சென்னையிலிருந்து வந்த ஒருவர் இன்னும் பெரிதாக என்னவோ எழுதினார், நிலத்தைப் புரட்டிப் போட்டுப் பார்க்கிற பார்வை என்று. இந்திராணி படித்துக் காட்டினாள். கேட்டுக்கொண்டான். புரட்டிப் போட்டது பார்வையா, பிசகா என்று அந்த ஆளுக்குத் தெரியாது.

இந்திராணிக்குத் தெரியும். ஒரு தடவை தெருவை வரைந்து காயவைத்திருந்தான். டம்ளரோடு வந்தவள் பார்த்துவிட்டு, நம் வீட்டு வேப்பமரம் எப்போது அந்தப் பக்கம் குடிபோனது என்று சிரித்தாள். வாசலுக்குப் போய்ப் பார்த்தான். மரம் ஒரு பக்கம் நின்றது. உள்ளே வந்து பார்த்தான். மரம் மறுபக்கம் நின்றது. ரொம்ப நேரம் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தான். நேரில் உட்கார்ந்து வரைந்தால் அப்படி ஆவதில்லை. மனசில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் வரைந்தால் சில படங்கள் நேராக வருகின்றன, சில படங்கள் தாளின் பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தில் பார்த்த மாதிரி புரண்டு வருகின்றன. எது நேர், எது புரண்டது என்று வரைகிற கைக்குத் தெரிவதில்லை. கூனிக்கரட்டை நேரில் வரையவில்லை. ஒரே ஒரு நாள் பார்த்தது, இருபது வயதில். அதற்கு எவ்வளவோ வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் வீட்டில் உட்கார்ந்து போட்டது. அப்படியென்றால் அது நேரா, புரண்டதா? இந்த ஒரு வாரமாக ராத்திரியும் பகலும் படத்தை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டான். மேடு இந்தப் பக்கம். மேடு அந்தப் பக்கம். இரண்டும் சரியாகத்தான் இருக்கின்றன. நிழலை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அன்றைக்கு வெயிலே இல்லை, மேகம். பனைமரம் ஒன்று நடுவில் நின்றது, அது எப்படிப் புரட்டினாலும் நடுவில்தான் நிற்கும். நாளைக்கு ஜேசிபி வரும். அதற்கு ஒரு கை. மண்ணை வாரும்போது சிவப்பு நிறத்தைப் பார்க்காது. இந்த அம்மாளின் அம்மாவைத் தான் வெறும் ஒரு சிவப்பாக நினைத்துக் குழைத்துப் போட்டதே தப்பு மாதிரி இருந்தது அவனுக்கு. செம்மண்ணில் துளி நீலம் கலந்தால் அந்த ஈரக் கருஞ்சிவப்பு வரும். அது வந்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டான் அன்றைக்கு.

பின்சீட்டிலிருந்து மாதம்மாள் போனை நீட்டினாள். ஆஸ்பத்திரிச் சுவரிலிருந்து எடுத்த போட்டோ, மேடு மட்டும் பெரிதாகத் தெரிகிற மாதிரி விரலால் இழுத்து வைத்திருந்தாள். தினமும் வேலைக்குப் போகுமுன் இதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறேன் என்றாள். முனிராசு சாலையைப் பார்த்தபடியே, படத்தில் உள்ளபடி அம்மா டிரான்ஸ்பார்மர் இருக்கிற பக்கம்தான் என்று தனக்கும் தெளிவாகிவிட்டது என்றான். பண்ணைக்காரருக்கு வேண்டியது மறுபக்கம், போர் போட்ட பக்கம். தண்ணீர் இருக்கிற பக்கத்தைத்தானே கேட்பார்கள். அதைக் கொடுத்துவிட்டு டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் அம்மாவுக்கு ஒரு சின்ன மேடை கட்டுவதாகத் திட்டம். சார் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அக்காவுக்கும் நிம்மதி. எல்லாம் சரியாகப் பொருந்தி இருந்தது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் போதும், யாருக்கும் வருத்தமில்லை. புரண்டிருந்தால்? வேடியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டான். படத்தை அப்படியே நம்பிவிட வேண்டாம், நான் அன்றைக்கு நேரில் வரையவில்லை என்று ஆரம்பித்தான். மாதம்மாள் சிரித்தாள். "நீங்க சும்மா சொல்றீங்கண்ணா. பனைமரத்துல ஒடிஞ்ச மட்டைகூட அப்படியே இருக்கு, எனக்கே மறந்துபோனது." எனக்கு இடது வலது தெரியாது என்று ஐம்பது வயதுக்கு மேல் ஒரு ஆள் வேனில் உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்வது? சொன்னால் நம்புவார்களா, சிரிப்பார்களா, அல்லது போர் பக்கத்து நிலத்தின் மேல் இவனுக்கு என்ன கண் என்று சந்தேகப்படுவார்களா? வாய்க்குள் வார்த்தை வந்தது, திரும்பிப் போனது. சாலையோரத்தில் மைல்கல் ஒன்று வந்தது, எண்ணைப் படிப்பதற்குள் பின்னால் போய்விட்டது. அது பின்னால் போனதா, வேன் முன்னால் போனதா என்று ஒரு கணம் அவனுக்கே தெரியவில்லை.

அன்றைக்கும் தவறித்தான் இங்கே வந்தான். பாலக்கோடு போக வேண்டியவன் பாப்பாரப்பட்டி பஸ்ஸில் ஏறிவிட்டான், போர்டில் முதல் எழுத்தைப் பார்த்தான், பா என்று தெரிந்தது, ஏறிவிட்டான். டிக்கெட் கேட்கும்போது கண்டக்டர் திட்டி நடுவழியில் இறக்கிவிட்டார். எதிரே போர்டு படிக்கத் தெரியாதவனுக்காகவே உட்கார்ந்திருந்த மாதிரி கூனிக்கரடு. அதற்கு முன்னாலும் எத்தனையோ தடவை தப்பான ஊரில் இறங்கியிருக்கிறான். ஆனால் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தப்பான இடம் என்ற பயம் போயிற்று. மேகம் கரட்டின் கூன் வரைக்கும் இறங்கியிருந்தது. மண் வாசனை வந்தது, மழை வரவில்லை. எங்கேயோ பறை அடித்து ஓய்ந்த மாதிரி ஒரு அமைதி. அதை மழைக்கு முந்தின அமைதி என்று நினைத்துக்கொண்டான். சாவு வீட்டு அமைதியாக இருந்திருக்கலாம் என்று இப்போதுதான் படுகிறது. புது மேட்டில் இரண்டு மூன்று சாமந்தி கிடந்தது. அதைப் படத்தில் போடவில்லை. ஏன் போடவில்லை? மஞ்சள் அந்தச் சிவப்பைக் கெடுத்துவிடும் என்று நினைத்தானா, அல்லது சாமந்தி இப்போது போன் வந்த பிறகு மனசு தானாக வைத்த பூவா? இனி அதையும் தெரிந்துகொள்ள வழியில்லை.

வேன் நின்றது. இறங்கினார்கள். வேடியப்பனுக்கு முதலில் எதுவுமே தெரியவில்லை. கரடு இருக்க வேண்டிய இடத்தில் வானம் இருந்தது. அவ்வளவு வானத்துக்கு அவன் தயாராக வரவில்லை. கீழே பள்ளம், பள்ளத்தின் அடியில் பச்சைத் தண்ணீர், அறுத்த கல்லின் வெளிறிய சுவர்கள். பள்ளத்துக்கு ஒரு பக்கம் டிரான்ஸ்பார்மர் கம்பங்கள், மறுபக்கம் மோட்டார்க் கொட்டகை, அதற்குள் போர். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி செம்மண் தரை, ஒரே மாதிரி காய்ந்த துவரைக் கட்டைகள். அவன் சாலையில் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் வந்தது, கல் தூசியாக இருக்கும். மாதம்மாள் பொட்டலத்தைப் பிரித்துப் பூவைக் கையில் எடுத்துக்கொண்டாள். முனிராசு போனை எடுத்துப் பண்ணைக்காரருக்கு நம்பர் போடத் தயாராக வைத்துக்கொண்டு கேட்டான். "படத்துல இருக்கிற மாதிரியே, இடது பக்கம்தானே சார்?" "ஆமா, இடது பக்கம்தான்" என்றான் வேடியப்பன். சொல்லும்போதே உடம்பு கனம் குறைந்த மாதிரி இருந்தது, முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். ஆனால் யாரும் நகரவில்லை. மாதம்மாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்புக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் குனிந்து பார்த்தான். அவன் கை நீண்டிருந்தது. மோட்டார்க் கொட்டகைப் பக்கம் நீண்டிருந்தது.

"சார், வாய் ஒண்ணு சொல்லுது, கை ஒண்ணு காட்டுதே" என்றான் முனிராசு. மெதுவாகத்தான் சொன்னான். வேடியப்பன் கையை இறக்கவில்லை. அதை இறக்கிவிட்டால் பிறகு எங்கே நீட்டியிருந்தது என்பது தனக்கே மறந்துவிடும் என்று பயமாக இருந்தது. எது சரி என்று அவர்கள் காத்திருந்தார்கள். அவனும் தன் கையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். வாய்க்கு எதிரில் கை நின்றது, கைக்கு எதிரில் படம் நின்றது, படமும் அதே கை போட்டதுதான். இல்லை, அந்தக் கையா, மற்ற கையா? தலைக்குள் எருமைகள் முட்டின. "கை காட்டினதை எடுத்துக்குங்க" என்றான் கடைசியில். குரல் அவனுடையது மாதிரி இல்லை. "வாயை விட்டுடுங்க. எனக்கு அந்த ரெண்டு வார்த்தையும் சின்ன வயசிலேருந்து பிடிபடல. எழுத்தும் அப்படித்தான். டாக்டர் அதுக்கு ஒரு பேர் சொன்னாரு. படம் புரண்டு வந்திருக்குதுங்க." மாதம்மாள் கையிலிருந்த பூவைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், எதைக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம் என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. நிச்சயமாகத் தெரியுமா என்று முனிராசு கேட்டான். தெரியாது என்றான் வேடியப்பன். அதுதான் உண்மை.

வேடியப்பன் சாலையோரத்தில், கரடு இருந்த இடத்துக்கு எதிர்ப்புறம், அப்படியே மண்ணில் உட்கார்ந்தான். முழங்காலைக் கட்டிக்கொண்டான். அன்றைக்கும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தான், உட்கார்ந்த பிறகுதான் அது ஞாபகம் வந்தது, ஞாபகம் என்றுகூடச் சொல்ல முடியாது, முதுகெலும்பு தானாக ஒரு வளைவுக்குப் போய் நின்றது. ஊருக்குத் திரும்ப பஸ் வேண்டுமே. வருகிறதா, வருகிறதா என்று கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருந்தது, மத்தியானம் முழுவதும். திரும்பும்போதெல்லாம் சாலை தெரியும், சாலைக்கு அப்பால் அந்தச் சிவப்பு. பஸ்ஸைத் தேடிய கண்ணில் அது விழுந்து விழுந்துதான் படமாயிற்று, வேண்டுமென்று யாரும் அதைப் பார்க்கவில்லை. இப்போதும் கழுத்து திரும்பியது. மோட்டார்க் கொட்டகைப் பக்கம் திரும்பி நின்றது. இதை அவர்களிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், நான் அன்றைக்குத் தர்மபுரி பஸ்ஸுக்காகத்தான் இங்கே காத்திருந்தேன், பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தேன், அங்கேதான் அது இருந்தது, பஸ் எந்தப் பக்கமிருந்து வரும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது என்றான். மாதம்மாள் தம்பியைப் பார்த்தாள். முனிராசு போனைப் பார்த்தான், போர்க் கொட்டகையைப் பார்த்தான். ஒரு லாரி போய்ப் புழுதி அடங்கியது. அவன் பேசாமலே இருந்திருக்கலாம், வேடியப்பனுக்கு அது தெரிந்திருக்கவும் போவதில்லை. "பாப்பாரப்பட்டியிலேருந்து திரும்புற வண்டி போர் பக்கமாத்தாங்க்கா வரும்" என்றான் அக்காவிடம். "எப்பவும் அப்படித்தான்."

மாதம்மாள் சாலையை விட்டு இறங்கினாள். எவ்வளவு தூரம் என்று கேட்டாள். அடிக்கணக்கு அவனுக்குத் தெரியாது. நடம்மா என்றான், நீ நட, நான் பார்க்கிறேன். அவள் துவரைக் கட்டைகளுக்கு நடுவில் நடந்தாள். வெளிர் நீலச் சேலை. சாலையோரத்தில் அவள் ரொம்பப் பெரியவளாக இருந்தாள், இந்த வானத்துக்கு ஒத்துவராத அளவு. போகப் போகக் குறைந்தாள். இங்கேயாண்ணா என்று திரும்பிக் கேட்டாள். இல்லை என்றான். இன்னும் கொஞ்சம் போம்மா. கரடு இல்லாத இடத்தில் கரட்டை வைத்துப் பார்த்தான், அதன் அடிவாரம் எங்கே தரையைத் தொட்டிருக்கும் என்று பார்த்தான், அதற்குப் பக்கத்தில் ஒரு மேடு எவ்வளவு சின்னதாகத் தெரியும் என்று பார்த்தான். மற்ற எல்லாம் குழம்பினாலும் இது குழம்பாது. இத்தனை வருஷமாகச் செய்தது இது ஒன்றைத்தான், தூரத்துக்குத் தகுந்த அளவில் ஒன்றை நிறுத்துவது. அவள் இன்னும் போனாள். சேலையின் நீலம் காற்றில் கலந்து சாம்பலாகத் தொடங்கிய இடத்தில், போதும் என்று வேடியப்பன் எழுந்து நின்று கத்தினான். அங்கேதாம்மா. அவள் நின்றாள். சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள், பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, மற்ற இடம் மாதிரியே ஒரு இடம். பிறகு உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் தரையில் வைத்தாள். அழுதாளா என்று இவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. முனிராசு போனில் பண்ணைக்காரரிடம் பேசினான், இந்தப் பக்கம் கொடுக்க முடியாது, வேண்டுமானால் அந்தப் பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடலாம் என்றான். மறுமுனையில் சத்தம் பெரிதாக வந்தது. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுப் போனைப் பையில் போட்டான். வேடியப்பன் அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினான், தப்பாக இருந்தால், என்று ஆரம்பித்தான். முனிராசு கேட்கவில்லை. வரப்பில் நின்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு அக்கா உட்கார்ந்திருந்த இடத்தை நோக்கி நடந்தான்.